ஒரு நாடு, இரண்டு பெயர்: 'பாரதம்' பேச்சில் எது சட்டம், எது வழக்கம்?

பாரிமுனையில் இறங்கி ராஜாஜி சாலையில் நடந்தால் தலைமை அஞ்சலகத்தின் செங்கல் கட்டடம் வரும். உள்ளே போய் ஐந்து ரூபாய்க்குத் தபால் தலை ஒன்று வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் நாட்டின் பெயர் இரண்டு முறை இருக்கும்: இந்தி எழுத்தில் 'பாரத்', ஆங்கில எழுத்தில் 'இந்தியா'. மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் நாணயம் வந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். சிங்கத் தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் இன்னொன்று.

அதே சாலையில் பெயர்ப்பலகைகளையும் படிக்கலாம். ஒரு கட்டடத்தில் 'பாரத ஸ்டேட் வங்கி'. இன்னொன்றில் 'இந்திய ரிசர்வ் வங்கி'. ஆங்கிலத்தில் இரண்டுமே 'ஆஃப் இந்தியா'தான். தமிழாக்கம் செய்தவர்கள் ஒன்றுக்குப் பாரதத்தையும் மற்றதற்கு இந்தியாவையும் வைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

குழப்பம் பெரிதாகக் கிளம்பியது 2023 செப்டம்பரில். ஜி-20 மாநாட்டு விருந்துக்குக் குடியரசுத் தலைவர் பெயரில் போன ஆங்கில அழைப்பிதழில் 'பிரசிடென்ட் ஆஃப் பாரத்' என்று அச்சாகியிருந்தது. மாநாட்டில் பிரதமர் முன்னால் இருந்த பலகையிலும் 'பாரத்'. எதிர்க்கட்சிகள் தங்கள் கூட்டணிக்கு 'இந்தியா' என்று பெயர் வைத்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. நாட்டின் பெயரை மாற்றிவிட்டார்களா, மாற்றப் போகிறார்களா, மாற்ற முடியுமா என்று மூன்று கேள்விகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டன. இன்றைக்கும் அவ்வப்போது அதே சிக்கலோடுதான் பேச்சு எழுகிறது. அதை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்ப்போம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

அரசியலமைப்பின் முதல் உறுப்பு, முதல் வரி: 'இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்.' நாட்டின் பெயர் பற்றிச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். இரண்டு பெயரும் அந்த வரியிலேயே இருக்கின்றன. ஆகவே ஓர் அழைப்பிதழில் 'பாரத்' என்று போடுவது பெயர் மாற்றம் ஆகாது. சட்டத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவே. வழக்கத்துக்கு மாறாக, ஆங்கில வாக்கியத்துக்குள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் புதுசு.

அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. மேலே சொன்னது ஆங்கில மூலத்தின் வரிசை. இந்திப் பிரதியில் அந்த வரி 'பாரத், அர்த்தாத் இந்தியா' என்று தொடங்குகிறது. அதாவது, 'பாரதம், அதாவது இந்தியா'. 1987இல் 58ஆவது திருத்தம் வந்த பிறகு இந்திப் பிரதிக்கும் அதிகாரபூர்வத் தகுதி கிடைத்தது. எனவே எந்தப் பெயர் முந்துகிறது என்பது நீங்கள் எந்தப் பிரதியைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உச்ச நீதிமன்றத்துக்கும் இது போயிருக்கிறது. 'பாரதம்' மட்டுமே போதும் என்று கேட்ட மனுவை 2016இல் தள்ளுபடி செய்த அமர்வு, இந்தியா என்று அழைக்க விரும்புகிறவர் அப்படி அழைக்கட்டும், பாரதம் என்பவர் அப்படி அழைக்கட்டும் என்ற போக்கில் பேசியது. 2020இல் வந்த இன்னொரு மனுவை, அரசுக்குக் கொடுத்த கோரிக்கையாக எடுத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பிவிட்டது.

'பெயர்' என்ற சொல்லுக்குள் நாலு சங்கதி

நாட்டின் பெயர் என்று பேசும்போது நாலு வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். நாலுக்கும் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது.

1. சட்டப் பெயர். அரசியலமைப்பிலோ சட்டத்திலோ எழுதியிருப்பது. 1996இல் நகரத்தின் ஆங்கிலப் பெயர் மெட்ராசிலிருந்து சென்னை ஆனது. ஆனால் உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம்தான். அதை மாற்ற 2016இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே போனது. நகரத்துக்கு மாற்றினால் நீதிமன்றத்துக்குத் தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கையெழுத்து.

2. உள்ளிருப்பவர் சொல்லும் பெயர், வெளியிலிருப்பவர் சொல்லும் பெயர். ஜப்பான்காரர் தன் நாட்டை 'நிப்பான்' என்கிறார், ஜெர்மானியர் 'டாய்ச்லாண்ட்' என்கிறார். நாம் ஜப்பான், ஜெர்மனி என்கிறோம். யாரும் சண்டைக்கு வருவதில்லை.

3. குறியீடு. சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில்வே குறியீடு இன்றும் 'எம்.ஏ.எஸ்'. பீச் ஸ்டேஷனுக்கு 'எம்.எஸ்.பி'. இரண்டிலும் முதல் எழுத்தாக மெட்ராஸ் உட்கார்ந்திருக்கிறது. பெயர்ப்பலகையை ஒரே இரவில் மாற்றலாம். டிக்கெட் மென்பொருளில் ஊறிப்போன குறியீட்டில் கைவைக்க யாருக்கும் மனம் வராது.

4. வாய்ப் பெயர். சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் ஆனது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் இன்றும் 'சென்ட்ரல் போப்பா'தான்.

செய்தியில் 'பெயர் மாற்றம்' என்று வந்தால், இந்த நாலில் எது மாறுகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

1949 செப்டம்பர்: டெல்லியில் ஒரு பெயர், ராயபுரத்தில் இன்னொன்று

அரசியலமைப்பின் முதல் வரைவில் 'இந்தியா' மட்டும்தான் இருந்தது. அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் முதல் உறுப்பு விவாதத்துக்கு வந்தபோதே பாரத், பாரதவர்ஷம், இந்துஸ்தான் என்று திருத்தங்கள் வந்து குவிந்தன. இதை இப்போது எடுக்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் சபை உறுப்பினர் அனந்தசயனம் ஐயங்கார். விஷயம் ஏறக்குறைய பத்து மாதம் தள்ளிப்போனது.

1949 செப்டம்பர் 17 அன்று அம்பேத்கர், 'இந்தியா, அதாவது பாரதம்' என்ற வாசகத்தை முன்வைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அவை கூடியது. அன்றைக்கு மேசைக்கு வந்த மாற்று யோசனைகளைப் பாருங்கள்:

- எச்.வி. காமத்: 'பாரதம், ஆங்கில மொழியில் இந்தியா'. அயர்லாந்து அரசியலமைப்பைக் காட்டி வாதாடினார். அதில் 'எய்ரே, ஆங்கில மொழியில் அயர்லாந்து' என்று இருக்கிறது. 'ஹிந்த்' என்று தொடங்கும் இன்னொரு வடிவத்தையும் கைவசம் வைத்திருந்தார்.
- சேத் கோவிந்த தாஸ்: பாரதம், வெளிநாடுகளில் இந்தியா என்றும் அறியப்படுவது.
- ஹர்கோவிந்த் பந்த்: பாரதவர்ஷம்.
- மௌலானா ஹஸ்ரத் மொஹானி: சோவியத் ஒன்றியத்தின் பாணியில், 'இந்திய சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்'.

நம் சென்னை மாகாணத்திலிருந்து போன கல்லூர் சுப்பா ராவ் பேசியதுதான் எனக்குப் பிடித்தது. அவர் பாரதத்தின் பக்கம். சிந்து நதி இப்போது பாகிஸ்தானில் ஓடுகிறது, ஆகவே இந்துஸ்தான் என்ற பெயர் அவர்களுக்குத்தான் பொருந்தும் என்றார். அதோடு நிற்கவில்லை. பாரதம் என்று கேட்கும் இந்தி நண்பர்கள் தங்கள் மொழியின் பெயரையும் 'பாரதி' என்று மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு போடு போட்டார்.

கடைசியில் காமத்தின் திருத்தம் வாக்கெடுப்புக்குப் போனது. ஆதரவு 38, எதிர்ப்பு 51. பதின்மூன்று வாக்கு வித்தியாசம். இன்றைக்கு நாம் படிக்கும் முதல் வரி அப்படித்தான் தப்பியது.

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். அதே செப்டம்பர் 17 அன்று ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் அண்ணாவும் நண்பர்களும் கூடி திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்க முடிவெடுத்தார்கள். மறுநாள், டெல்லியில் வாக்கெடுப்பு நடந்த அதே ஞாயிறு, ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தொடக்கக் கூட்டம். புதுக் கட்சி கையில் வைத்திருந்த நாட்டுப் பெயர் 'திராவிட நாடு'.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நாட்டுக்கு என்ன பெயர் என்ற கேள்வி அந்த இரண்டு நாளில் டெல்லி அவைக்குள் மட்டும் இருக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அவைக்குள் இருந்தவர்கள் ஒரே எல்லைக்குள் எந்தச் சொல் என்று வாதாடினார்கள். ராயபுரத்தில் நனைந்துகொண்டு நின்றவர்களுக்குப் பெயரோடு எல்லையும் வேறு. பிரிவினை கோருவதைக் கட்டுப்படுத்தும் 16ஆவது திருத்தம் வந்த 1963இல் தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கட்சிப் பெயரில் மட்டும் 'திராவிட' நின்றுவிட்டது.

இரண்டு சொல்லும் வந்த வழி

'இந்தியா' ஆற்றின் பெயர். சிந்து என்பதைப் பழம்பாரசீகர் 'ஹிந்து' என்றார்கள், கிரேக்கர் 'ஹ'வை விழுங்கி 'இந்தோஸ்' என்றார்கள், அது லத்தீன் வழியாக இங்கிலாந்து போய் கப்பல் ஏறி நம் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் வைத்த பெயர் என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. அவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் அந்தப் பெயரில் எழுதியாகிவிட்டது.

'பாரதம்' ஒரு குலத்தின் பெயர். ரிக் வேதத்தில் பரதர் என்ற கூட்டம் வருகிறது. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டில் 'பரதவச' என்று ஒரு நிலப்பரப்பைக் குறிக்கும் சொல்லாக வருகிறது. கடலுக்கு வடக்கே, பனிமலைக்குத் தெற்கே இருப்பது பாரதம் என்று புராணம் எல்லை வகுத்தது பிறகு.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 'பாரதம் படிக்கிறாங்க' என்றால் அது பஞ்சபாண்டவர் கதை. நாட்டைக் குறிக்கும் பாரதம் தேசிய இயக்க காலத்தில் மேடையேறிப் பரவியது. பழைய தமிழில் இந்தப் பரந்த நிலத்துக்கு நாவலந்தீவு என்று ஓர் அழகான பெயர் இருந்தது. அதை யாரும் எந்த அவையிலும் முன்மொழியவில்லை.

'இந்தியா' என்ற பெயர் வெறும் உச்சரிப்பு விஷயம் இல்லை என்பதை முதலில் புரிந்துகொண்டவர் ஜின்னா. பிரிவினைக்குப் பிறகு இரண்டு பகுதியும் புதுப் பெயர் எடுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் இந்துஸ்தான் ஆகும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். டெல்லி 'இந்தியா'வை வைத்துக்கொண்டதை 1947 செப்டம்பரில் மவுன்ட்பேட்டனுக்கு எழுதிய கடிதத்தில் எதிர்த்தார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஐ.நா.வில் 1945 முதலே இருந்த இந்தியாவின் இடம் அப்படியே தொடர்ந்தது. பாகிஸ்தான் புது உறுப்பினராக விண்ணப்பித்து 1947 செப்டம்பர் 30 அன்று சேர்ந்தது. பழைய பெயரை வைத்திருந்தவருக்குப் பழைய நாற்காலி. 'இந்தியா' காலனியச் சின்னம், தூக்கி எறியலாம் என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பர்மா பஜார் தரும் பாடம்

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது கையில் இருந்ததை விட்டுவிட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக உருவான கடைத்தெரு. பக்கத்துத் தெருவில் சாயங்காலம் ஆனால் அத்தோ வண்டி வந்துவிடும். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டு, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.

1989இல் அங்கிருந்த ராணுவ அரசு நாட்டின் ஆங்கிலப் பெயரை 'மியான்மர்' என்று மாற்றியது. ரங்கூன் யாங்கோன் ஆனது. ஐ.நா. ஏற்றது, இந்தியாவும் ஏற்றது, அமெரிக்கா இன்றும் அதிகாரபூர்வமாகப் 'பர்மா' என்றே எழுதுகிறது. வேடிக்கை என்னவென்றால், பர்மிய மொழியில் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். 'மியன்மா' எழுத்து வழக்கு, 'பமா' பேச்சு வழக்கு. 'வந்துவிட்டான்', 'வந்துட்டான்' மாதிரி. அவர்கள் மொழியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பிறர் எப்படி அழைக்க வேண்டும் என்பதுதான் மாறியது. அதை யார் உத்தரவிட்டார் என்பதாலேயே பலர் ஏற்க மறுத்தார்கள்.

சிலோன் 1972 மே 22 அன்று ஸ்ரீலங்கா ஆனது. தமிழில் அது முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. ஆனாலும் தேயிலை மட்டும் இன்றுவரை 'சிலோன் டீ' என்றே ஏற்றுமதி ஆகிறது. சந்தையில் விலைபோகும் பெயரை எந்த நாடும் எளிதில் விடாது. நம்மூர் ஹோட்டல்களில் சிலோன் பரோட்டாவும் பெயர் மாறவில்லை, அது வேறு கதை.

கஷ்டப்பட்டு மாற்றிய நாடு மாசிடோனியா. அந்தப் பெயர் எங்கள் மாகாணத்துக்குச் சொந்தம் என்று பக்கத்து நாடான கிரீஸ் பல்லாண்டு மறித்தது. 2018இல் ஒப்பந்தம், 2019 பிப்ரவரியில் 'வட மாசிடோனியா'. பழைய பெயர் அச்சான பாஸ்போர்ட்டுகளை மாற்ற ஐந்தாண்டு கெடு. எதிர்முனையில் ஸ்வாசிலாந்து: 2018இல் மன்னர் மேடையில் அறிவித்தார், 'எஸ்வாட்டினி' ஆகிவிட்டது. அதன் இணைய முகவரியின் வால் மட்டும் பழைய பெயரின் எழுத்துகளோடு அப்படியே இருக்கிறது. துருக்கி 2022இல் ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதி ஆங்கிலத்திலும் 'துர்க்கியே' என்று எழுதச் சொன்னது. அதற்கு உள்நாட்டில் பெயர் மாற்றமே தேவைப்படவில்லை.

இங்கே மாற்ற வேண்டுமானால்

1. முதல் உறுப்பிலிருந்து 'இந்தியா'வை எடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு.

2. பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவையா? தேவையில்லை. அந்த ஒப்புதல் கட்டாயமாகும் உறுப்புகளின் பட்டியல் 368ஆவது உறுப்பில் இருக்கிறது. முதல் உறுப்பு அதில் இல்லை. நாட்டின் பெயரை மாற்ற மாநிலங்களைக் கேட்கத் தேவையில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

3. அரசியலமைப்பு முழுக்கவும் நூற்றுக்கணக்கான சட்டங்களிலும் இருக்கும் 'இந்தியா'வை என்ன செய்வது? ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. இனி அதை இப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால் முடிந்தது.

4. பிறகு ஐ.நா.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட், நோட்டு, ஒப்பந்தங்கள் எல்லாம் காலக்கெடு வைத்து மெல்ல மாறும்.

மாநிலப் பெயருக்கு வழி வேறு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனால் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். நமக்கு அந்த அனுபவம் உண்டு. 1956இல் மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் கேட்டு சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரைவிட்டார். 1963இல் மாநிலங்களவையில் 'பெயரை மாற்றி என்ன லாபம்' என்று கேட்டபோது, பார்லிமென்டை லோக் சபா என்று அழைத்து நீங்கள் கண்ட லாபம் என்ன என்று அண்ணா திருப்பிக் கேட்டார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றத் தீர்மானம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. உயிர் போனதிலிருந்து பெயர் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'மெட்ராஸ் மாநிலம்' என்பதற்குப் பதில் 'தமிழ்நாடு' கேட்டபோது, சட்டத்தில் இல்லாத பெயரைக் கேட்டார்கள். பாரதம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே கோரிக்கை ஒரு பெயரைச் சேர்ப்பது அல்ல, இருக்கும் இரண்டில் ஒன்றை நீக்குவது. 2004இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம், முலாயம் சிங் யாதவ் ஆட்சியில், 'பாரதம், அதாவது இந்தியா' என்று வரிசையை மட்டும் மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. அது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கோரிக்கை. ஒரே கட்சியின் ஆசை என்று இதைச் சுருக்கிவிட முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி.

மசோதா இல்லாமல் மாறுவது

ஜார்ஜ் டவுனில் சட்டம் மாறியும் வாய் மாறவில்லை. டெல்லியில் நடப்பது தலைகீழ்: சட்டத்தைத் தொடாமலே தாள் மாறுகிறது. அழைப்பிதழ், மேசைப் பலகை, 2021இல் வந்த 'பாரத் வரிசை' வண்டி எண், பாடநூல்களில் பாரதம் என்றே எழுதலாம் என்று 2023இல் தேசியப் பாடநூல் அமைப்பின் குழு ஒன்று சொன்ன பரிந்துரை. இவை எதற்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. அதனால் 'மசோதா வருகிறதாம்' என்ற வதந்தியைத் துரத்துவதைவிட இந்தச் சின்னத் தாள்களைக் கவனிப்பது உருப்படியான வேலை என்பேன்.

அப்படிக் கவனிக்க ஒரு நல்ல இடம் இணைய முகவரியின் வால். இந்திய மொழிகளில் முகவரி எழுத நம் நாட்டுக்கு மொழிவாரியாக நீட்டிப்புகள் தந்திருக்கிறார்கள். இந்தியில் '.பாரத்'. தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது என்று எதை எடுத்தாலும் பாரதம் என்ற சொல்லின் ஏதோ ஒரு வடிவம்தான். தமிழில் மட்டும் '.இந்தியா'. அதை மாற்றுவதற்கும் நாடாளுமன்றத்தில் மசோதா வேண்டியதில்லை.